வெள்ளவத்தையை வதிவிடமாகக் கொண்டு

1996 ஆம் ஆண்டின் இறுதியில் மனைவியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் நான் கொழும்பை விட்டு லண்டனுக்குப் புறப்பட்டபோது, ஏன் போகிறாய் என்று எவருமே கேட்கவில்லை. உறவினர்கள் கேட்கவில்லை, பத்திரிகை அலுவலகத்தில் என்னோடு இரவுக் கடமையில் இருந்தவர்கள் கேட்கவில்லை, எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பத்தினர்கூடக் கேட்கவில்லை. ஒரு தமிழன் நாட்டை விட்டுப் போவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லாத காலம் அது. இருபது ஆண்டுகள் கழித்து, 2016 இல், பிள்ளைகளை அங்கே விட்டு நானும் மனைவியும் திரும்பி வந்தபோதோ கேள்விகளுக்குக் குறைவிருக்கவில்லை. "ஏன் போறியள்?" என்று ஈஸ்ட்ஹாமில் கேட்டார்கள். "ஏன் வந்தனீங்கள்?" என்று வெள்ளவத்தையில் கேட்டார்கள். கட்டுநாயக்காவிலிருந்து எங்களை ஏற்றி வந்த வாகனச் சாரதியும் சிங்களத்தில் அதையே கேட்டார். போவது இயல்பு, வருவதற்குத்தான் காரணம் வேண்டும் என்று ஆகிவிட்ட ஒரு சமூகத்தில், அந்தக் கேள்விக்கு ஒருமுறை விரிவாகப் பதில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

கொழும்பு என் சொந்த ஊர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வடமராட்சியில் பிறந்தவன். 1974 இல் கிராண்ட்பாஸ் வீதியில் இருந்த தமிழ் நாளேடு ஒன்றில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கொட்டாஞ்சேனையில் நான்கு பேர் பங்கிட்டுக்கொண்ட ஓர் அறையே என் முதற் கொழும்பு முகவரி. திருமணத்தின் பின்னர் வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீடு. 1983 ஜூலையில் அந்த வீட்டில் இருந்த அனைத்தும் எரிந்துபோயின. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் இயங்கிய அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குச் சென்றோம். அடுத்த ஆண்டே, பிழைப்புக்கு வேறு வழி தெரியாமல், மீண்டும் வெள்ளவத்தைக்கே வந்து சேர்ந்தோம். 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கிக் கட்டடம் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானதன் பின்னர் நிகழ்ந்த சுற்றிவளைப்புகளும் கைதுகளும் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய அச்சமும்தான் எங்களை லண்டனுக்கு அனுப்பின.

பத்திரிகையில் பல ஆண்டுகள் மரண அறிவித்தல்களையும் நான் ஒப்புநோக்க வேண்டியிருந்தது. ஈழத்துப் பத்திரிகைகளை வாசிப்பவர்களுக்கு அவற்றின் வாசகம் மனப்பாடமாகியிருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்பதே அதன் அமைப்பு. 1980களின் பிற்பகுதியில் அந்த வாக்கியத்தினுள் மூன்றாவது இடம் ஒன்று மெல்ல நுழைந்தது. வடக்கிலோ கிழக்கிலோ ஓர் ஊர் பிறப்பிடம்; வெள்ளவத்தை அல்லது கொட்டாஞ்சேனை வாழ்விடம்; ஸ்காபரோ, பாரிஸ், ஒஸ்லோ, லண்டன் வதிவிடம். ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதையும் ஊர்ப்பெயர்கள் மூன்றில் அடக்கிவிடும் இந்த வாக்கியத்தில், வெள்ளவத்தை எப்போதும் நடுவில் வரும் பெயராகவே இருந்தது. பிறக்கவும் அல்ல, நிலைக்கவும் அல்ல. இடையில் சிறிது காலம் தங்கிச் செல்வதற்கான இடம்.

உண்மையில் நம்மவர்களுக்கு வெள்ளவத்தை ஒரு பெரிய காத்திருப்பு மண்டபமாகவே இருந்தது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இருந்த லொட்ஜுகளில் விசாவுக்காகக் காத்திருந்தவர்கள், முகவரின் அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள், மாப்பிள்ளை அனுப்பவிருந்த பத்திரங்களுக்காகக் காத்திருந்த பெண்கள், வைத்தியசாலைத் திகதிக்காக வன்னியிலிருந்து வந்து காத்திருந்த முதியவர்கள் என ஒரு தலைமுறையே அங்கு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது. பொலிஸ் பதிவு இன்றி அங்கு ஓர் இரவுகூடத் தங்க முடியாத நிலை. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளின் லொட்ஜுகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். அந்தச் செய்தியை நான் லண்டனில், பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை முடித்து வந்து, கணினியில் வாசித்தேன். பெயர் பெயராக அறிந்த ஒழுங்கைகள் அவை.

லண்டனைப் பற்றிக் குறைகூற எனக்கு எதுவுமில்லை. அந்த நாடு என் பிள்ளைகளை இலவசமாகப் பாடசாலைக்கு அனுப்பியது. என் மனைவிக்குச் செய்யப்பட்ட இருதய சத்திர சிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. ஆயினும், இருபது ஆண்டுகளில் என் பெயரை நான் எழுத்தெழுத்தாகச் சொல்லாத நாள் மிகக் குறைவு. நமது வழக்கத்தில் தந்தையின் பெயர் முன்னே நிற்கும். அங்கே அது குடும்பப் பெயராகிப் பின்னே போய்விடும். வைத்தியரின் அறை வாசலில் தாதி அழைப்பது 1979 இல் காலமான என் தந்தையை. எழுந்து செல்வது நான். முதல் தடவை சிரிப்பு வந்தது. நாளடைவில், நான் எவருடைய இடத்திலோ இருந்துகொண்டு வாழ்கிறேன் என்ற எண்ணம் வந்தது. கொழும்பில் வங்கிக் கருமபீடத்தில் இருக்கும் சிங்களப் பெண்ணுக்கு என் பெயரின் உச்சரிப்பு சரியாக வராமல் இருக்கலாம். ஆனால் எது என் பெயர், எது என் தகப்பனாரின் பெயர் என்பது அவருக்குத் தெரியும். திரும்பி வந்த முதல் வாரத்தில் நான் கண்ட முதல் மகிழ்ச்சி இதுவே. சிறியதுதான். ஆனால் இருபது ஆண்டுகள் இல்லாதிருந்தவனுக்கு அது சிறியதல்ல.

அடுத்தது காலை நேரம். ஆறு மணிக்கே எழுந்து, மின்தூக்கியில் இறங்கி, முனைக்கடையில் பத்திரிகை வாங்கிக்கொண்டு வருகிறேன். செய்திகளை முதல்நாள் இரவே கைத்தொலைபேசியில் பார்த்துவிடலாமே என்று மகன் சொல்கிறான். பார்க்கலாம்தான். ஆனால் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவில் ஈரம் காயாத அச்சுப்படிகளைக் கையில் வைத்திருந்தவனுக்கு, பத்திரிகை என்பது கையால் தொடப்பட வேண்டிய பொருள். அதை விரித்துக்கொண்டு பல்கனியில் இருக்கும்போது கீழே பாண் விற்கும் முச்சக்கரவண்டி பீத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு ஒழுங்கையினுள் நுழையும். இதனைச் சூன் பாண் என்பார்கள். ஐரோப்பாவின் மாபெரும் இசைமேதையின் மெட்டு, இங்கே மாலுபாணும் சீனிச் சம்பல் பணிசும் வந்துவிட்டன என்பதற்கான அறிவித்தல். மனைவி கூடையைக் கயிற்றில் இறக்குவாள். இதே ஒழுங்கையில் 1990களில் விடியற்காலை வேளைகளில் கேட்ட ஒலி வேறு. சப்பாத்துக் கால்களின் ஒலி. கதவு தட்டும் ஒலி. அடையாள அட்டை எங்கே என்ற குரல். அந்த நேரத்துக்கு இன்னும் என் உடல் தானாக விழித்துக்கொள்கிறது. விழித்த பின்னர் வருவது பாண்காரர் என்பதில் உள்ள நிம்மதியை, அந்தக் காலத்தை அறியாதவர்களுக்கு விளக்குவது கடினம்.

மாலையில் கடற்கரையோர வீதியால் நடப்போம். கொழும்பில் புகையிரதப் பாதை கடலை ஒட்டியே செல்வதால், ஒரு பக்கம் அலை, மறுபக்கம் ரயில். அலுவலகம் விட்டு வீடு திரும்புபவர்கள் படிகளில் தொங்கிக்கொண்டு செல்வார்கள். காத்திருந்த காலத்தில் இந்தக் கடலைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதற்கு அப்பால் இருந்த நாடுகளையே பார்த்தார்கள். இப்போது நாங்கள் கடலைப் பார்க்கிறோம்.

வாரத்தில் ஒரு நாள் காலி வீதியில் 155 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குச் செல்வது என் வழக்கம். மட்டக்குளி வரை செல்லும் இந்த பஸ், என் இளமைக்கும் முதுமைக்கும் இடையில் ஓடுகிறது எனலாம். வெள்ளவத்தை உத்தியோகத்தர்களின் தமிழ். கொட்டாஞ்சேனை துறைமுகத்தின் தமிழ். அங்கே யாழ்ப்பாணத்தவரும் மலையகத்தவரும் கொழும்புச் செட்டிகளும் மலையாள வழி வந்தவர்களும் சிங்களக் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒரே ஒழுங்கையில் குடியிருப்பார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதும் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் உள்ளே வெயிலிலும் கால் குளிரும். அங்கிருந்து புனித லூசியா பேராலயத்தின் கவிகை தெரியும் வீதிக்கு நடந்து வருவேன். இரவுக் கடமை முடித்து விடியற்காலை இரண்டு மணிக்கு நாங்கள் அப்பம் சாப்பிட்ட கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். ஆனால் நான் முடி வெட்டிக்கொண்ட சலூன் அப்படியே இருக்கிறது. அன்று பையனாக நின்று முடி கூட்டியவரே இன்று உரிமையாளர். 2016 இல் முதன்முறை உள்ளே நுழைந்தபோது அவர் ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"ஐயாவ எங்க கொஞ்ச நாளா காணோம்?"

"லண்டனிலை இருந்தனான், தம்பி."

"அப்பிடியா? உக்காருங்க. இவரு முடிஞ்சதும் நீங்கதான்."

இருபது ஆண்டுகள் 'கொஞ்ச நாள்' ஆகிவிட்டன. ஏன் வந்தீர்கள் என்று என்னிடம் கேட்காத ஒரே மனிதர் அவர்தான்.

வெள்ளவத்தையில் 57 ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் எனக்கு இன்னொரு வீடு. 1942 இல் தொடங்கப்பட்ட சங்கம் அது. அங்கே பழைய ஈழத்துச் சஞ்சிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தால் பிற்பகல் போவதே தெரியாது. நூல் வெளியீடுகளுக்கும் செல்கிறேன். உலகெங்கும் உள்ள தமிழ்க் கூட்டங்களைப் போலவே அவையும் தாமதமாகத் தொடங்கி, ஏற்புரைக்கு முன்னரே பாதிப்பேர் எழுந்துபோன நிலையில் முடிகின்றன. லண்டனிலும் இவ்வாறான கூட்டங்கள் உண்டு. ஆனால் அங்கே கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் வெவ்வேறு பாதாள ரயிலில் ஏறி வெவ்வேறு நாட்டுக்குப் போவதுபோல் பிரிந்துவிடுவோம். இங்கே பேச்சாளரைக் குறைகூறிக்கொண்டே காலி வீதிவரை நடந்து, ஒரு பிளேன்ரீ குடித்து, மேலும் அரைமணி நேரம் குறைகூறலாம்.

மகிழ்ச்சி என்ற தலைப்பில் மரண வீடுகளைச் சேர்ப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 2003 இல் என் தாயார் காலமானபோது நான் போகவில்லை. அப்போது எனக்கு வதிவிட உரிமை கிடைத்திருக்கவில்லை. வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது. அழுகைச் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையில் இருந்தேன். புலம்பெயர்ந்த எம்மில் ஆயிரக்கணக்கானோரின் கதை இதுவே. இப்போது நண்பர் ஒருவர் மறைந்தால் அரைமணி நேரத்தில் அந்த வீட்டு வாசலில் நிற்கிறேன். பொரளை கனத்தை மயானம் வரை கூடவே செல்கிறேன். ஒருவரின் கடைசிப் பயணத்தில் பத்து அடி சேர்ந்து நடக்க முடிவது எத்தகைய பேறு என்பதை, நடக்க முடியாமற் போனவர்களே அறிவார்கள்.

அப்படியானால் ஏன் வடமராட்சிக்கே போகவில்லை என்று கேட்கலாம். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை இருபத்து நான்கு ஆண்டுகளின் பின் மீண்டும் தொடங்கிவிட்டது; நாங்களும் ஆண்டில் இரண்டு தடவை சென்று வருகிறோம். ஆனால் எங்கள் ஒழுங்கையில் இருந்த பதினொரு வீடுகளில் ஒன்பது பூட்டியிருக்கின்றன. திறப்புகள் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கின்றன. ஊர் என்பது மண்ணும் வேலியும் மட்டுமன்று, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும் மனிதர்களும்தான். அந்த மனிதர்கள் இருப்பது இப்போது எனக்கு வெள்ளவத்தையில். மனைவியின் இருதய வைத்தியரும் இங்கேயே இருக்கிறார்.

திரும்புவது பற்றி யோசிப்பவர்களுக்குச் சில நடைமுறைத் தகவல்களையும் சொல்லிவிட வேண்டும். 2011 இல் நிறுத்தப்பட்ட இரட்டைக் குடியுரிமை வழங்கல் 2015 இல் மீண்டும் தொடங்கப்பட்டது; அது இல்லாவிட்டால் நாங்கள் வந்திருக்க முடியாது. பிரித்தானிய அரச ஓய்வூதியத்தை இலங்கையில் இருந்தும் பெறலாம். ஆனால் அங்கிருப்போருக்கு ஆண்டுதோறும் உயரும் அந்தத் தொகை, இலங்கையில் வசிப்போருக்கு உயர்வதில்லை, உறைந்தே நிற்கும். நிரந்தரமாக வெளியேறியவர்களுக்கு அங்கே இலவச வைத்தியசாலைச் சிகிச்சைக்கான உரிமையும் இல்லாமற் போகும். கனடாவில் முதியோர் ஓய்வூதியத்தை நாட்டுக்கு வெளியே தொடர்ந்து பெற, பதினெட்டு வயதின் பின் குறைந்தது 20 ஆண்டுகள் அங்கு வசித்திருக்க வேண்டும். இவற்றைக் கணக்கிடாமல் ஊர்ப்பாசத்தில் மட்டும் விமானம் ஏறுவது புத்திசாலித்தனமன்று.

வந்த பின்னர் இரண்டு தடவை எங்கள் மகிழ்ச்சி சோதனைக்கு உள்ளானது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மதம் பாராமல் செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் எல்லோரும் சென்று மெழுகுதிரி ஏற்றிய ஆலயம் அது. அன்று மாலையே மகள் அழைத்தாள். "அப்பா, ரிக்கற் போடட்டே?" என்றாள். அழுதாள். வேண்டாம் என்று சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரம் நீண்டதாக இருந்தது.

இரண்டாவது, 2022. நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. மின்தூக்கி நின்றுவிடும், ஐந்தாம் மாடிக்கு மரக்கறிப் பையுடன் ஏற வேண்டும். சமையல் எரிவாயுவுக்கு விடிய முன்னரே வரிசை. பத்திரிகைகள்கூடக் காகிதம் இன்றிப் பக்கங்களைக் குறைத்தன. ஆனால் என்னை உறுத்தியது இந்தச் சிரமங்கள் அல்ல. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குச் சென்றது. பவுணும் அதற்கேற்ப உயர்ந்தது. அடுத்த வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியையின் ஓய்வூதியம் அதே தொகைதான், வாங்கக்கூடியது மட்டும் பாதியானது. என் ஓய்வூதியமோ எதுவும் செய்யாமலே பெருகியது. ஒரே மாடியில், ஒரே இருட்டில், ஒரே வரிசையில் நின்ற இரண்டு முதியவர்களில் ஒருவர் ஏழையாகிக்கொண்டும் மற்றவர் செல்வந்தராகிக்கொண்டும் இருந்தோம். அந்த மாதங்களில் இரு வீடுகளுக்கும் ஒரே அடுப்பில் சமைத்தோம்; சிலிண்டரை மாறிமாறி வாங்கினோம். அதனால் கணக்கு நேராகிவிடவில்லை. வெளிநாட்டுப் பணத்தால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் விலை ஏறியிருக்கும் உயரத்துக்கு, இங்கேயே பிறந்து இங்கேயே உழைக்கும் ஓர் இளம் தமிழ் ஆசிரியரால் ஒருநாளும் எட்ட முடியாது. திரும்பி வந்தவர்களின் மகிழ்ச்சியில் ஒரு பகுதி நாணய மாற்றுவீதத்தால் ஆனது. இதனை மறைத்துவிட்டு ஊரின் இனிமையைப் பற்றி மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

என் நிம்மதி நாட்டின் நிம்மதிக்குச் சான்றும் அல்ல. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டம் பதிலின்றி ஆண்டுகளைக் கடந்தது. காலி வீதியில் பம்பலப்பிட்டியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும், 2005 ஏப்ரல் 28 இல் அங்கே கடத்தப்பட்டு மறுநாள் சடலமாகக் காணப்பட்ட தர்மரத்தினம் சிவராமை நினைக்கிறேன். 2000 இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட நிமலராஜனையும், 2004 இல் மட்டக்களப்பில் கொல்லப்பட்ட நடேசனையும் நினைக்கிறேன். இந்தத் தொழிலில் இருந்தும் உயிரோடு திரும்பி வந்து, இந்த வீதியில் கைவீசி நடப்பவன் நான். மகிழ்ச்சி என்று இங்கே எழுதும்போது, அந்தச் சொல்லுக்குள் அவர்களும் இருக்கிறார்கள்.

பேரப்பிள்ளைகள் லண்டனில் வளர்கிறார்கள். அவர்களின் பிறந்தநாட்களுக்குத் திரையில்தான் கைதட்டுகிறோம். தாயாரின் மரணத்தைத் தொலைபேசியில் கேட்டேன். பேரனின் முதல் நடையைத் தொலைபேசியில் பார்த்தேன். திரும்பி வந்ததற்கு நாங்கள் கொடுத்த விலை இது. எந்த மாற்றுவீதத்தாலும் குறையாத விலை. கோடை விடுமுறையில் அவர்கள் வரும்போது, மூத்தவன் கயிற்றுக் கூடையைத் தானே இறக்க வேண்டும் என்று அடம்பிடிப்பான். போகும் நாளில், "தாத்தா, நீங்கள் எப்போது வீட்டுக்கு வருவீங்கள்?" என்று கேட்பான். அவனுக்கு வீடு என்றால் லண்டன். அது சரியானதே. அவன் பிறப்பிடம் அது.

ஏன் வந்தீர்கள் என்ற கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். எத்தனையோ பேருடைய வாழ்க்கை வாக்கியத்தில் வெள்ளவத்தையை நடுவிலேயே வைத்து ஒப்புநோக்கி அச்சுக்கு அனுப்பியவன் நான். என்னுடைய வாக்கியத்தில் அந்தப் பெயர் கடைசியாக வரட்டும் என்று விரும்பினேன். காத்திருப்பதற்காகவே எல்லோரும் வந்த ஓர் இடத்தில், எதற்காகவும் காத்திராமல் ஒரு கிழவனும் கிழவியும் காலையில் பத்திரிகை வாசித்து, மாலையில் கடலோரம் நடந்து, பாண்காரரோடு விலை பேசி வாழ்கிறார்கள். அறிவித்தலை ஒப்புநோக்கப் போகும் தம்பிக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. லண்டனைக் குறிப்பிட மறக்க வேண்டாம். இருபது ஆண்டுகள் எங்களுக்குச் சோறிட்ட ஊர் அது. ஆனால் அதை நடுவில் போடுங்கள்.